கைமாறிய பிரபஞ்சம்

ஈர்ப்பு விசை உள்ளே இழுக்கிறது, அண்டவியல் மாறிலி வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமமாக இருப்பதால்தான் பிரபஞ்சம் நிலைத்திருக்கிறது, நாமும் இருக்கிறோம்: அறிவியல் கண்காட்சி மேடைகளிலும் யூடியூப் உரைகளிலும் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அப்படியில்லை. இன்றைக்கு இவை இரண்டும் சமமாக இல்லை. பூமி பிறந்த நாளிலும் சமமாக இருந்ததில்லை. சமநிலை என்று சொல்லத்தக்க ஒன்று 1,380 கோடி ஆண்டு வரலாற்றில் ஒரே ஒரு முறை, சுமார் 600 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வந்து போனது. அப்போதும் பிரபஞ்சம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கேலக்ஸிகளும் சூரியனும் பூமியும் உருவாக வழிவிட்டது சமநிலை அல்ல, ஒரு வரிசை. முதலில் ஈர்ப்பு நீண்ட காலம் ஆட்சி செய்தது. தன் வேலையில் பெரும்பகுதியை அது முடித்த பிறகே மாறிலியின் கை ஓங்கியது. இப்படிப் பார்த்தால்தான் கிடைத்திருக்கும் சான்றுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

சமநிலை வேண்டும் என்ற ஆசை பழையது. 1692-93இல் ரிச்சர்ட் பெண்ட்லி என்ற பாதிரியார் நியூட்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: எல்லாப் பொருளும் எல்லாப் பொருளையும் இழுக்கிறது என்றால், விண்மீன்கள் ஏன் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழவில்லை? முடிவில்லாத வெளியில் அவை சீராகப் பரவியிருந்தால் எந்தப் பக்கமும் கூடுதல் இழுப்பு இருக்காது என்றார் நியூட்டன். அந்தச் சீர்மை இம்மி பிசகினாலும் எல்லாம் கலைந்துவிடும் என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். 1915இல் பொதுச் சார்பியல் கோட்பாட்டை முடித்த ஐன்ஸ்டீன், அதை மொத்தப் பிரபஞ்சத்துக்கும் பொருத்திப் பார்த்தபோது அதே சிக்கலில் மாட்டிக்கொண்டார். அவருடைய சமன்பாடுகளில் பொருள் நிறைந்த பிரபஞ்சம் அசையாமல் நிற்கவே முடியாது. அன்று வானியலாளர்களில் பலருக்குப் பிரபஞ்சம் என்றால் பால்வெளி மட்டும்தான். அதில் விண்மீன்கள் மெதுவாகவே நகர்ந்தன. ஆகவே நிற்கும் பிரபஞ்சத்தை அவர் எதிர்பார்த்தது மூடநம்பிக்கை அல்ல, அன்றைய தரவுகளுக்கு ஏற்ற எதிர்பார்ப்பு. 1917 பிப்ரவரியில் சமன்பாட்டில் லாம்டா என்ற கிரேக்க எழுத்தால் குறிக்கப்படும் ஓர் உறுப்பைச் சேர்த்தார். அதுதான் அண்டவியல் மாறிலி.

இதை ஒட்டுப்போட்ட வேலை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. கணிதம் அப்படிச் சொல்லவில்லை. ஈர்ப்பை வெளி-காலத்தின் வளைவாகக் கொள்ளும் கோட்பாட்டில், நான்கு பரிமாணங்களில் எந்த உறுப்புகளுக்கு இடமுண்டு என்று 1971இல் டேவிட் லவ்லாக் நிறுவிக் காட்டினார்: ஐன்ஸ்டீன் முதலில் எழுதிய வளைவு உறுப்பும் லாம்டாவும், அவ்வளவுதான். எனவே லாம்டாவை ஏன் சேர்த்தார் என்பதைவிட, அதன் மதிப்பைப் பூஜ்ஜியம் என்று வைக்க நமக்கு என்ன உரிமை என்பதுதான் நேர்மையான கேள்வி. ஐன்ஸ்டீனின் பிழை வேறு இடத்தில் இருந்தது. தாம் கட்டிய சமநிலை நிலையானதா என்று அவர் சோதிக்கவில்லை. அந்தப் பிரபஞ்சம் மிகச் சிறிதளவு விரிந்தால் பொருளின் அடர்த்தி குறையும், இழுப்பு தளரும். லாம்டாவின் தள்ளல் மட்டும் அப்படியே இருக்கும். விரிவு மேலும் விரிவைக் கொண்டுவரும். சிறிதளவு சுருங்கினால் நேர் எதிராக, சுருக்கம் முற்றிக்கொண்டே போகும். இதை 1930இல் ஆர்தர் எடிங்டன் எடுத்துக்காட்டினார். விரியும் பிரபஞ்சத் தீர்வுகளை 1922இல் அலெக்சாண்டர் ஃபிரீட்மானும் 1927இல் ஜார்ஜ் லெமைத்ரும் ஏற்கெனவே கண்டிருந்தார்கள். ஃபிரீட்மானின் கணக்கு தவறு என்று அச்சில் எழுதிய ஐன்ஸ்டீன், 1923இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கேலக்ஸிகள் விலகுவதைக் காட்டும், வெஸ்டோ ஸ்லைஃபர் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்த செம்பெயர்ச்சிகளும், 1929இல் எட்வின் ஹபிள் வெளியிட்ட தொலைவு-வேக உறவும் விவாதத்தை முடித்தன. 1931இல் ஐன்ஸ்டீன் லாம்டாவைக் கைவிட்டார். அதைத் தம் வாழ்நாளின் மாபெரும் தவறு என்று அவர் சொன்னதாக ஜார்ஜ் காமோவ் எழுதிய கதை, மூலத்தைவிட அதிகம் பயணித்துவிட்டது.

மாறிலியை ஈர்ப்புக்கு எதிரி என்று சொல்வதிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. நியூட்டனுக்கு ஈர்ப்பை உண்டாக்குவது நிறை மட்டும். ஐன்ஸ்டீனுக்கு நிறையோடு அழுத்தமும் சேரும். அதுவும் மூன்று திசைகளுக்கும் ஒன்றாக மூன்று மடங்கு சேரும். சாதாரணப் பொருளில் அழுத்தம் பொருட்படுத்த வேண்டாத அளவு சிறியது. வெற்றிடத்துக்கே ஓர் ஆற்றல் அடர்த்தி இருந்து, வெளி விரிந்தாலும் அது குறையாமல் இருந்தால் கதை வேறு. விரிய விரிய மொத்த ஆற்றல் கூடுகிறது என்றால் அதன் அழுத்தம் எதிர்மறையாக, அடர்த்திக்குச் சமமான அளவில் இருந்தாக வேண்டும். அடர்த்தி ஒரு பங்கு, அழுத்தம் கழித்தல் மூன்று பங்கு. கூட்டினால் கழித்தல் இரண்டு. தள்ளல் என்று நாம் சொல்வது இந்தக் கழித்தல் இரண்டைத்தான். இது ஐந்தாவது விசை அல்ல. ஈர்ப்பின் அதே விதி, எதிர்மறை அழுத்தம் கொண்ட ஒன்றின்மேல் செயல்படும்போது காட்டும் முகம். லாம்டாவை எதிர்மறை அழுத்தம் கொண்ட வெற்றிட ஆற்றலாகப் படிக்கலாம் என்று லெமைத்ர் 1934இலேயே எழுதினார். குவாண்டம் இயற்பியலோடு இதைத் தீவிரமாக இணைத்தவர் 1960களின் பிற்பகுதியில் சோவியத் இயற்பியலாளர் யாகொவ் ஸெல்டோவிச்.

கணக்கு இங்கே சுவாரசியமாகிறது. பொருளின் அடர்த்தி வெற்றிட ஆற்றலின் அடர்த்தியைப்போல் இரண்டு மடங்காக இருக்கும்போது இழுப்பும் தள்ளலும் சரியாக ரத்தாகின்றன. 1917இல் ஐன்ஸ்டீன் தம் பிரபஞ்சத்தை நிறுத்தி வைக்க எழுதிய நிபந்தனையும் இதே இரண்டு மடங்குதான். இருண்ட ஆற்றல் என்று இன்று அழைக்கப்படும் இந்த வெற்றிட ஆற்றல், பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 69 சதவீதம், பொருள் 31 சதவீதம். அந்த 31இல் நாம் அறிந்த அணுக்கள் சுமார் 5 மட்டுமே. நீளங்கள் எல்லாம் பாதியாகச் சுருங்கும் அளவுக்குக் காலத்தில் பின்னோக்கிப் போனால் பொருளின் அடர்த்தி எட்டு மடங்காகிவிடும், லாம்டா அப்படியே இருக்கும். ஆக, இரண்டு மடங்கு என்ற புள்ளியை நாம் எப்போதோ கடந்து வந்திருக்கிறோம். பிரபஞ்சத்தின் வயது சுமார் 770 கோடி ஆண்டுகளாக இருந்தபோது அது நிகழ்ந்தது. ஐன்ஸ்டீன் கேட்ட சமநிலை அன்று உண்மையாகவே வந்தது. ஆனால் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைக்கிற அந்தக் கணத்தில் வண்டி நின்றா விடுகிறது? விரிவின் வேகம் அப்படியே இருந்தது. வேகக் குறைப்பு ஓய்ந்து வேகக் கூட்டல் தொடங்கியது. நிற்கும் பிரபஞ்சத்துக்கு ஐன்ஸ்டீன் எழுதிய நிபந்தனை, ஓடும் பிரபஞ்சத்தில் ஒரு மைல்கல்லாக வந்து கடந்துபோனது.

சமநிலைக்கு இன்னொரு பொருளும் உண்டு. அது நேரத்தில் அல்ல, இடத்தில். எந்த நிறையைச் சுற்றியும் ஒரு குறிப்பிட்ட தொலைவில் அதன் இழுப்பும் வெற்றிடத்தின் தள்ளலும் சமமாகும். இழுப்பு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைகிறது. தள்ளல் தொலைவோடு வளர்கிறது. சூரியன் மட்டும் தனியாக இருந்தால் அந்த எல்லை ஏறக்குறைய 360 ஒளியாண்டுத் தொலைவில் வரும். அதற்கு வெகு முன்பே மற்ற விண்மீன்களின் ஈர்ப்பு குறுக்கிட்டுவிடுகிறது என்பதால் சூரியனுக்கு இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கு. பால்வெளி, ஆண்ட்ரோமீடா, அவற்றைச் சுற்றியுள்ள சிறு கேலக்ஸிகள் சேர்ந்த நம் உள்ளூர்க் குழுவுக்கு அப்படியில்லை. அதன் நிறையை மூன்று லட்சம் கோடிச் சூரியன்கள் என்று கொண்டால் எல்லை சுமார் 50 லட்சம் ஒளியாண்டு. ஆண்ட்ரோமீடா 25 லட்சம் ஒளியாண்டில், எல்லைக்குள் இருக்கிறது. நொடிக்கு 110 கிலோமீட்டர் அளவில் நம்மை நெருங்குகிறது. 5 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் உள்ள விர்கோ கேலக்ஸிக் கொத்து அந்த எல்லைக்கு மிகவும் வெளியே. அது விலகிப் போகிறது.

பிரபஞ்சம் விரிகிறது என்றால் பூமியும் நம் உடலும் விரிய வேண்டாமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. சூரியன் பூமியை இழுப்பதோடு ஒப்பிட்டால், அதே தொலைவில் லாம்டா தள்ளுவது 1-க்குப் பின் 22 பூஜ்ஜியம் போட்டால் வரும் எண்ணில் ஒரு பங்கு. பூமி அளவுள்ள வெற்றிடத்தில் இருக்கும் இந்த ஆற்றலை நிறையாக மாற்றிச் சொன்னால் 6 மில்லிகிராம் சொச்சம். கட்டுண்ட அமைப்புகளுக்குள் லாம்டாவுக்கு வேலையே இல்லை. பிரபஞ்சத்தின் பெரும்பகுதி வெறும் வெளி என்பதால் மட்டுமே அது மொத்தக் கணக்கில் பெரும்பான்மை ஆகிறது.

இதெல்லாம் சமன்பாட்டு விளையாட்டு அல்ல என்பதற்கு 1998இல் சான்று வந்தது. ஸால் பெர்ல்மட்டர் தலைமையில் ஒரு குழுவும், பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் ஆகியோரைக் கொண்ட இன்னொரு குழுவும் போட்டி போட்டுக்கொண்டு தொலைதூர சூப்பர்நோவாக்களை அளந்தன. விரிவு எவ்வளவு வேகம் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே நோக்கம். ஆனால் சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தன. லாம்டா இல்லாத, பொருள் குறைந்த பிரபஞ்சத்தில் இருக்க வேண்டியதைவிட 10 முதல் 15 சதவீதம் அதிகத் தொலைவில் இருந்தன. 2011 நோபல் பரிசு இந்த மூவருக்கும் போனது. தொலைவை அளக்க உதவிய இந்த சூப்பர்நோவா அளவுகோலின் பின்னணியில் ஒரு சென்னைக்காரர் இருக்கிறார். வெள்ளைக் குள்ளன் விண்மீன்கள் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் தாங்காது என்ற வரம்பை, மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்பிரமணியன் சந்திரசேகர் பயணத்தின்போதே கணக்கிட்டார். இரு குழுக்களும் அளந்த, வெள்ளைக் குள்ளன்களின் வெடிப்பான ஒன்றுஏ வகை சூப்பர்நோவாக்கள் ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தோடு வெடிப்பதற்கு அந்த வரம்பை ஒட்டிய இயற்பியல்தான் அடிப்படை. 1935 ஜனவரியில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் அந்த வரம்பை எள்ளி நகையாடியவர் எடிங்டன். லாம்டாவை ஐன்ஸ்டீனே கைவிட்ட பிறகும் விடாமல் பிடித்திருந்தவரும் அதே எடிங்டன்தான். அவர் ஏளனம் செய்த கருத்தின் வழியாகத்தான் அவர் நம்பிய கருத்துக்குச் சான்று கிடைத்தது. அப்போது அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

மங்கலுக்கு வேறு காரணம் இருக்கலாமே என்று சந்தேகப்பட்டவர்கள் அன்று பலர். அந்தச் சந்தேகம் நியாயமானதே. இடையில் தூசி இருக்கலாம். பழைய காலத்து வெடிப்புகள் இயல்பிலேயே மங்கலாக இருந்திருக்கலாம். இரண்டு விளக்கமுமே ஒரு விஷயத்தை முன்கூட்டிச் சொல்கின்றன: இன்னும் தொலைவுக்குப் போனால் மங்கல் இன்னும் கூட வேண்டும். லாம்டா சொல்வது எதிரானது. ஈர்ப்பிடமிருந்து லாம்டாவுக்கு ஆட்சி கைமாறிய புள்ளிக்கும் முந்தைய காலத்தை எட்டினால், ஈர்ப்பு பிரேக் போட்டுக்கொண்டிருந்த யுகம் தெரிய வேண்டும்; அங்கே மங்கல் குறைய வேண்டும். 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த 1997எஃப்எஃப் என்ற சூப்பர்நோவாவை ஹபிள் தொலைநோக்கிப் படங்களிலிருந்து ரீஸ் குழு 2001இல் ஆராய்ந்தபோது, தூசிக் கணக்கு காட்டியதைவிட அது வெளிச்சமாக இருந்தது. 2004இல் மேலும் பல சூப்பர்நோவாக்கள் அதையே உறுதிப்படுத்தின. பிரபஞ்சம் வேகம் கூடுகிறது என்பதைவிட, ஒரு காலத்தில் குறைந்து பிறகு கூடியது என்பதே எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது. எந்தத் தூசிக்கும் இப்படித் திசை மாறத் தெரியாது.

சூப்பர்நோவாவையே நம்ப மறுப்பவர்களுக்கும் வழி இல்லை. அண்டார்டிகாவுக்கு மேலே பலூனில் பறந்த பூமராங் கருவி, பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலைப் பின்னணியில் உள்ள புள்ளிகளின் கோண அளவைக் கொண்டு வெளி வளைவின்றித் தட்டையானது என்று 2000இல் காட்டியது. பிறகு டபிள்யூமேப், பிளாங்க் செயற்கைக்கோள்கள் அதைத் துல்லியமாக்கின. தட்டையாக இருக்கத் தேவையான அடர்த்தியில் பொருள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஏதோ ஒன்று இருக்கிறது, அது கேலக்ஸிகளோடு கட்டியாகச் சேரவில்லை. வயதும் இதையே சொல்கிறது. லாம்டா இல்லாத தட்டைப் பிரபஞ்சத்தின் வயது சுமார் 930 கோடி ஆண்டுதான் வரும். நம் பால்வெளியில் உள்ள கோளக் கொத்துகளின் விண்மீன்கள் அதைவிட மூத்தவை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 2008இல் வெளிவந்த முடிவு. கேலக்ஸிக் கொத்துகள் காலப்போக்கில் எப்படி வளர்ந்தன என்று எக்ஸ்-கதிரில் அளந்து, கடந்த சில நூறு கோடி ஆண்டுகளில் அந்த வளர்ச்சி மட்டுப்பட்டிருப்பதைக் கண்டார்கள். ஈர்ப்பு புதிதாகப் பெரிய கட்டுமானங்களை எழுப்ப முடியாமல் திணறுகிறது என்பதற்கு அது நேரடியான தடயம். அளந்த விண்வெளித் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. சந்திரசேகரின் நினைவாக வைக்கப்பட்ட பெயர்.

இருண்ட ஆற்றல் என்று புதிதாக ஒன்றைக் கற்பிப்பதற்குப் பதிலாக, நெடுந்தொலைவில் ஈர்ப்பு விதியே மாறுகிறது என்று ஏன் சொல்லக்கூடாது? சொல்லிப் பார்த்தார்கள். 2017 ஆகஸ்ட் 17இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதிலிருந்து ஈர்ப்பலையும் காமா கதிரும் 13 கோடி ஒளியாண்டு பயணித்து, 1.7 நொடி இடைவெளியில் பூமியை வந்தடைந்தன. இரண்டின் வேகமும் ஒன்று என்பது உறுதியானதும், அந்த வேகங்கள் வேறுபடும் என்று சொன்ன மாற்றுக் கோட்பாடுகளில் ஒரு பெரும் கூட்டம் ஒரே நாளில் அடிபட்டுப்போனது. எல்லாம் அல்ல, ஆனால் கவர்ச்சியானவை பல.

மாறிலியின் பெரிய தலைவலி அதன் அளவு. குவாண்டம் கோட்பாட்டில் வெற்றிடம் காலியாக இருப்பதில்லை. அதன் ஆற்றலைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்று 1920களிலேயே உல்ஃப்காங் பவுலி விளையாட்டாகக் கணக்குப் போட்டு, அப்படியானால் பிரபஞ்சம் நிலாவரைகூட எட்டாது என்று கண்டார். இன்றைய எளிய கணக்கு, அளந்த மதிப்பைவிட 1-க்குப் பின் 120 பூஜ்ஜியம் போட்ட மடங்கு பெரிய விடையைத் தருகிறது. நிதானமான கணக்குகளிலும் இடைவெளி 50 பூஜ்ஜியங்களுக்குக் கீழே இறங்கவில்லை. இயற்பியலில் கோட்பாட்டுக்கும் அளவீட்டுக்கும் இடையில் இவ்வளவு பெரிய விரிசல் வேறெங்கும் இல்லை. சமநிலைப் பேச்சு திரும்ப நுழைவதும் இந்த இடத்தில்தான். இவ்வளவு துல்லியமாக யாரோ நமக்காகச் சரிசெய்து வைத்திருக்கிறார்கள் என்பார்கள். 1987இல் ஸ்டீவன் வெய்ன்பெர்க் செய்த வாதத்தை இதற்கு ஆதாரமாகக் காட்டுவதும் உண்டு. அவர் சொன்னதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். லாம்டா மிகப் பெரிதாக இருந்தால் கேலக்ஸிகள் திரளும் முன்பே வெளி விரிந்து ஓடிவிடும். எனவே கேலக்ஸிகள் உள்ள பிரபஞ்சத்தில் அது இன்றைய பொருள் அடர்த்தியைப்போல் சில நூறு மடங்குக்கு மேல் இருக்க முடியாது என்றார். இது ஒரு மேல்வரம்பு. நம் பிரபஞ்சத்தில் உள்ள மதிப்பு அந்த வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. லாம்டா சரியாகப் பூஜ்ஜியமாக இருந்திருந்தாலும் கேலக்ஸிகள் பிறந்திருக்கும், விண்மீன்கள் எரிந்திருக்கும், பூமி உருவாகியிருக்கும். ஒரு தட்டில் உள்ளதை முழுவதுமாக எடுத்துவிட்டாலும் ஒன்றும் கெடாது என்றால் அதைச் சமநிலை என்று எப்படிச் சொல்வது? வெய்ன்பெர்க்கின் கேள்வி, மாறிலி எவ்வளவு காலம் தலைகாட்டாமல் இருந்தது என்பதுதான். விண்மீன் உருவாக்கம் உச்சத்தில் இருந்தது சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அதாவது கைமாறுவதற்கு 400 கோடி ஆண்டுகள் முந்தி. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்த சூரியன் லாம்டாவின் ஆட்சிக் காலத்துக் குழந்தை. ஆனாலும் அது பிறந்த பால்வெளி, தள்ளல் எட்டாத கோட்டைக்குள் ஏற்கெனவே கட்டுண்டிருந்தது.

ஒரு எதிர்வாதம் மட்டும் எளிதில் ஓயாது. ஆரம்ப காலத்தில் பொருளோடு ஒப்பிட்டால் லாம்டா ஒன்றுமே இல்லை. வெகு எதிர்காலத்தில் லாம்டாவோடு ஒப்பிட்டால் பொருள் ஒன்றுமே இல்லை. நாம் மட்டும் 69க்கு 31 என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் காலத்தில் வந்து நிற்பது எப்படி? விண்மீன்கள் சில தலைமுறை எரிந்து கார்பனையும் இரும்பையும் சமைத்த பிறகே கேள்வி கேட்பவர்கள் தோன்ற முடியும், அதற்குச் சில நூறு கோடி ஆண்டுகளாவது வேண்டும் என்பது பாதிப் பதில். அதற்குப் பிறகு ஏன் வெகு காலம் தாழ்த்தாமல் வந்தோம் என்பதற்கு அது பதிலாகாது. இந்தப் பொருத்தத்தைத் தற்செயல் என்று விடவும் மனம் வரவில்லை, சமநிலை என்று கொண்டாடவும் முகாந்திரம் இல்லை.

இத்தனைக்கும் அடியில் ஒரு அனுமானம் இருக்கிறது: மாறிலி உண்மையில் மாறிலிதான் என்பது. அரிசோனாவின் கிட் பீக் மலையில் 5,000 ஒளியிழைகளை ஒரே நேரத்தில் 5,000 இலக்குகளை நோக்கித் திருப்பி நிறமாலை எடுக்கும் டெசி கருவி, அதைத்தான் சோதித்துக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய 1.5 கோடி கேலக்ஸிகளையும் குவேசார்களையும் கொண்டு 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவுகளை நுண்ணலைப் பின்னணி, சூப்பர்நோவாத் தரவுகளோடு சேர்த்துப் பார்த்தால், இருண்ட ஆற்றல் அண்மைக் காலத்தில் தளர்ந்து வருவதுபோல் தெரிகிறது. எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் உறுதி, சிக்மா என்ற புள்ளியியல் அளவில், 2.8 சிக்மாவிலிருந்து 4.2 சிக்மாவரை மாறுகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலாளர்கள் கேட்பது 5. தொகுப்பை மாற்றினால் விடை இவ்வளவு ஆடுகிறது என்பதே என்னைத் தயங்க வைக்கிறது. பிழை சூப்பர்நோவா அளவீட்டிலேயே ஒளிந்திருக்கலாம். 2023 ஜூலையில் ஏவப்பட்ட யூக்ளிட் தொலைநோக்கியும், 2025இல் முதல் படங்களை வெளியிட்ட சிலியின் ரூபின் ஆய்வகமும் டெசியைச் சாராமல் இதே கேள்வியை அளக்கப்போகின்றன. தளர்ச்சி உண்மை என்று நிரூபணமானால் லாம்டா என்ற எழுத்தை நீக்கிவிட்டு, காலத்தோடு மாறும் ஏதோ ஒரு புலத்தை எழுத வேண்டிவரும். கைமாறிய தேதி சற்று நகரும். தொலைதூர கேலக்ஸிகள் ஒவ்வொன்றாக நம் பார்வை எல்லைக்கு அப்பால் மறைந்துகொண்டே போகும் என்ற இன்றைய எதிர்காலக் கணிப்பும் உறுதியாக நிற்காது. தள்ளல் போதுமான அளவு தளர்ந்தால் விரிவு மறுபடியும் வேகம் குறையக்கூடும். ஆண்ட்ரோமீடாவுக்கு மட்டும் இந்த வழக்கில் எந்தப் பங்கும் இல்லை. தீர்ப்பு எப்படி வந்தாலும் அது எல்லைக்குள்தான் இருக்கிறது.